கண் தெளிவாகத் தெரியும்போதே: தென்சென்னையை முன்வைத்துக் கண் பரிசோதனை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

திருவான்மியூரில் குடியிருப்பவருக்குக் கண் மருத்துவம் எட்டாத தூரத்தில் இல்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை அதுதான் என்பார்கள். நுங்கம்பாக்கத்தில் 1978 முதல் சங்கர நேத்ராலயா இயங்குகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் என்று எங்கே திரும்பினாலும் தனியார் கண் மருத்துவமனைகள். இந்தியாவில் கண் மருத்துவம் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் நகரங்கள் மிகச் சில.

அப்படிப்பட்ட சென்னையில், வீடு வீடாகக் கணக்கெடுத்து, அழைத்து வந்து கண்ணைப் பரிசோதித்தார்கள். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தவர்களில் 100க்கு 94 பேருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த 94 பேரைப் பற்றியது. மருத்துவமனை அருகில் இருந்தும் அவர்கள் எப்படித் தப்பினார்கள்? அவர்களில் பலர் ஏதோ ஒரு நாள் கண்ணாடிக் கடைக்கோ முகாமுக்கோ போயிருக்கவும் கூடும். அங்கே என்ன பார்க்கப்பட்டது, என்ன பார்க்கப்படவில்லை? என் வாதம் இதுதான்: நம் ஊரில் குறைவது மருத்துவமனை அல்ல. ‘பவர்’ பார்ப்பதையே கண் பரிசோதனை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கண்ணின் பின்புற நரம்பையும் விழித்திரையையும் யாரும் பார்க்காமலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

2. சென்னை ஆய்வுகள் காட்டுவது

மேலே சொன்ன எண் ‘சென்னை கிளாக்கோமா ஆய்வு’ தந்தது. சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த குழு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 40 வயது கடந்தவர்களிடம் அதை நடத்தியது. சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 3,934 பேர், நகரத்தில் 3,850 பேர். திறந்த கோண வகை (கண்ணுக்குள் நீர் வெளியேறும் கோணம் அடைபடாத வகை) நோய் கிராமத்தில் 1.62 சதவீதம், நகரத்தில் 3.51 சதவீதம். நோய் இருந்தும் அறியாதவர்கள் கிராமத்தில் 98.5 சதவீதம், நகரத்தில் 94 சதவீதம்.

இந்தக் கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நூற்றாண்டுப் பழமை கொண்ட மருத்துவமனைகள், சிறப்பு மருத்துவர்கள், பேருந்து, ரயில், படிப்பு, வருமானம் எல்லாம் இருந்தும் நகரவாசிக்குக் கிடைத்த கூடுதல் பயன் நாலரைப் புள்ளி. தூரத்தைக் குறைத்தால் நோய் தானாகப் பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு ஒப்பீடே உடைத்துவிடுகிறது.

மதுரை அரவிந்த் குழு தென் தமிழகக் கிராமங்களில் 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறது. அங்கே 2.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கண் அழுத்த நோய். திறந்த கோண வகை நோய் கண்டவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதற்குமுன் யாரும் அந்த நோயைச் சொன்னதில்லை. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போய்விட்டிருந்தது.

ஒரு முறை பார்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. சென்னை ஆய்வுக் குழு முதல் சுற்றில் நோய் இல்லாதவர்களை ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் பரிசோதித்தது. 4,316 பேரில் 129 பேருக்குப் புதிதாக நோய் தோன்றியிருந்தது, அதாவது ஏறத்தாழ 3 சதவீதம். பரிசோதனை முறை வைத்து நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை.

3. கண் அழுத்த நோய்: அறிகுறி காட்டாத இழப்பு

கண்புரையும் கண் அழுத்த நோயும் பார்வையைக் கெடுப்பவைதாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கண்பார்வைக் கணக்கெடுப்பில், 50 வயது கடந்தவர்களின் பார்வையின்மைக்கு 66.2 சதவீதம் காரணமாக இருந்தது புரை. கண் அழுத்த நோயின் பங்கு 5.5 சதவீதம். எண்ணிக்கையைப் பார்த்தால் புரைதான் பெரிய எதிரி. ஆனால் புரையில் மங்கிய பார்வை அறுவைக்குப் பின் திரும்புகிறது. முற்றிய பிறகு வந்தாலும் பெரும்பாலும் மருத்துவரால் பார்வையைத் தர முடியும். கண் அழுத்த நோயில் போனது போனதுதான். ஆகவே முன்கூட்டிக் கண்டுபிடிப்பதன் மதிப்பு இரண்டு நோய்க்கும் ஒன்றல்ல. முகாம்களில் புரைக்கே முழுக் கவனமும் போவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேறுபாடுதான் உறுத்துகிறது.

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள் உள்ளன. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறுவது தடைப்பட்டு அழுத்தம் கூடும்போதும், சிலருக்கு அழுத்தம் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதேயும், இந்த இழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. அதுவும் இரு கண்களிலும் ஒரே இடத்தில் போவதில்லை. ஒரு கண்ணில் விடுபட்டதை மறு கண் ஈடுகட்டிவிடுகிறது, மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. படிப்பதற்கும் முகம் அறிவதற்கும் வேண்டிய நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். சோதனை அட்டையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படிக்கும் ஒருவருக்கு நோய் நன்றாக முற்றியிருக்கலாம். ‘ஃபீல்டு டெஸ்ட்’ எனப்படும் பார்வைப் புலச் சோதனையில்கூட, நரம்பணுக்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அழிந்த பிறகே குறை தெளிவாகத் தென்படும் என்று நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியுள்ளன.

சாலையைக் கடக்கும்போது பக்கத்திலிருந்து வந்த வண்டி தெரியவில்லை, படியில் கால் தவறியது என்று ஒருவர் மருத்துவரிடம் வரும் நேரத்தில், காப்பாற்ற வேண்டியதில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும்.

இந்த நோய்க்கான சிகிச்சை வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணின் வெள்ளைப் படலத்தில் சிறு துளையிட்டு நீரை வெளியேற்றும் அறுவை முறையை 1909இல் அறிவித்தார். அது உலகெங்கும் பரவியது. நூறு ஆண்டுக்கு முன்பே இந்நோய்க்குச் சிகிச்சை கற்பித்த ஊரில், நூறு ஆண்டுக்குப் பின்னும் நோயாளிக்குத் தன் நோய் தெரியவில்லை என்பது மருத்துவத் திறமையின் குறை அல்ல. தேடுவதில் உள்ள குறை.

தேடிப் பிடித்தால் பயன் உண்டா? உண்டு. சுவீடனில் நடந்து 2002இல் வெளியான ஆரம்பநிலை கிளாக்கோமா ஆய்வில், கண் அழுத்தத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தபோது நோய் மேலும் முற்றும் ஆபத்து ஏறத்தாழ பாதியானது. அதே ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு, நோய் இன்னும் தோன்றாமல் அழுத்தம் மட்டும் கூடியவர்களை எடுத்துக்கொண்டது. சொட்டு மருந்து போடாதவர்களில் ஐந்து ஆண்டில் 9.5 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. தினமும் ஒன்றிரண்டு சொட்டு மருந்தால் நிகழ்ந்த வேறுபாடு இது.

ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் மூடிய கோண வகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீர் வெளியேறும் கோணம் குறுகலாக இருப்பதை முன்பே கண்டால், கருவிழிக்குப் பின்னுள்ள திரையில் லேசரால் சிறு துளையிட்டுத் திடீர் அடைப்பைத் தடுக்கலாம். சில நிமிட வேலை.

நாமே வரவழைத்துக்கொள்ளும் வகையும் ஒன்று உண்டு. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில், மருத்துவரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் சில ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்புக்கும் சிவப்புக்கும் உடனே இதமாக இருக்கும். அதனாலேயே மாதக்கணக்கில் தொடர்வார்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுத்துவிடும். குழந்தைகளும் இதற்கு விலக்கல்ல.

4. சர்க்கரை நோயும் விழித்திரையும்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. தேசிய அளவு 11.4. சென்னையில் மட்டும் செய்த இரண்டு ஆய்வுகள் விழித்திரை நிலையைக் காட்டுகின்றன. மருத்துவர் வி. மோகனின் ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் வெளியிட்டதில் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கும், சங்கர நேத்ராலயா 40 வயது கடந்தவர்களிடம் செய்து 2009இல் வெளியிட்டதில் 18 சதவீதம் பேருக்கும் விழித்திரைப் பாதிப்பு இருந்தது. தனித்தனிக் குழுக்கள், ஏறத்தாழ ஒரே முடிவு. முதல் ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது: சர்க்கரை இருப்பதே அந்த ஆய்வின்போதுதான் தெரிய வந்தவர்களில்கூட 5.1 சதவீதம் பேருக்கு விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. ‘இப்போதுதானே சர்க்கரை வந்தது, கண்ணுக்கு இன்னும் நாளாகும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட அன்றே கண் பரிசோதனையும் எழுதித்தரப்பட வேண்டும். கருவுற்ற சர்க்கரை நோயாளிக்கு முதல் மூன்று மாதத்திலேயே பார்க்க வேண்டும்.

இங்கும் நடுவிழித்திரை தொடப்படும்வரை பார்வை குறையாது. புதிய ரத்த நாளங்கள் முளைத்து ஒரு நாள் கசிந்து, கண்ணுக்குள் கரும்புகை படர்ந்ததுபோல் ஆன பிறகே பலர் வருகிறார்கள். அந்த நிலைக்கு முன் செய்யும் லேசர் சிகிச்சை கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 1976இலேயே அமெரிக்க ஆய்வில் நிறுவப்பட்டுவிட்டது.

ஒரு நாடு முழுக்க முறைப்படி தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சர்க்கரை நோயாளியையும் அழைத்து விழித்திரையைப் படம் எடுக்கும் திட்டம் அங்கே 2003இல் தொடங்கியது. 2009-10ஆம் ஆண்டுக்கான பார்வையின்மைச் சான்றிதழ்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையின்மைக்கு முதற்காரணமாகச் சர்க்கரை விழித்திரை நோய் இல்லை. ஐம்பது ஆண்டில் அது முதலிடத்தை இழந்தது அதுவே முதல்முறை. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் ஒரு காரணம்தான். ஆயினும் ஆண்டுதோறும் அனுப்பிய அழைப்புக் கடிதத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

5. குழந்தைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், முக்கியம் குறைவு என்பதால் அல்ல, விதிகள் தெளிவாக இருப்பதால். 34 வாரத்துக்கு முன்பு பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். ஒரு மாதம் தவறினால் வாழ்நாள் முழுதும் இருட்டாகிவிடலாம். கண்பாப்பாவில் (கண்மணியில்) வெள்ளையாக ஏதேனும் தெரிந்தாலோ, செல்பேசிப் படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக மின்னினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அது கண் புற்றுநோயாக இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடியிருக்கும் குழந்தை எந்தக் குறையும் சொல்லாது, மறு கண்ணால் படித்துக்கொண்டே போகும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் அந்தச் சோம்பல் கண்ணைத் திருத்துவது கடினம். பள்ளிகளில் நடக்கும் பரிசோதனையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்ப்பது இதற்காகத்தான்.

6. எது கண் பரிசோதனை?

திருவான்மியூரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்து ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வருபவர்கள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிப் படிவம் 1ஏ கொடுக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் 55 வயதைக் கடந்தவருக்கு உரிமம் ஐந்து ஆண்டுக்குத்தான். ஆக, பெரும்பாலான நடுத்தர வயதினர் ஏதோ ஒரு கட்டத்தில் கண்ணைக் குறித்து ஒரு சான்று பெறவே செய்கிறார்கள். ஆனால் அந்தச் சான்று கேட்பது தூரத்து எண்பலகை தெரிகிறதா, நிறம் தெரிகிறதா என்பது போன்றவற்றையே. நரம்பு எப்படி இருக்கிறது என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. ‘இலவசக் கண் பரிசோதனை’ என்று பலகை வைத்த கண்ணாடிக் கடையிலும் பெரும்பாலும் நடப்பது பவர் பார்ப்பதே. அது பயனற்ற வேலை அல்ல. ஆனால் ‘கண் செக்கப் ஆகிவிட்டது’ என்ற நிம்மதியோடு அங்கிருந்து வெளியே வருபவர், அடுத்த ஐந்தாறு ஆண்டு வேறெங்கும் போகமாட்டார். அந்த நிம்மதிதான் ஆபத்து.

நோயைப் பிடிக்கும் பரிசோதனையில் பவர் பார்ப்பது முதல் படி மட்டுமே. பிறகு சிலிட் லேம்ப் கருவி முன் தாடையை வைத்து முன்பகுதியைப் பார்க்க வேண்டும். நீர் வெளியேறும் கோணத்தின் ஆழத்தை அறிய வேண்டும். கண் அழுத்தத்தை அளக்க வேண்டும். அதன்பின் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, பார்வை நரம்பின் வட்டையும் விழித்திரையையும் மருத்துவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். அழுத்தம் மட்டும் அளந்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவது போதாது. சென்னை ஆய்வில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அன்று அளந்த அழுத்தம் 21 மில்லிமீட்டர் பாதரச எல்லைக்குள்தான் இருந்தது. அழுத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மக்கள் தயங்குவது பாப்பா விரிக்கும் இந்தப் படியில்தான். மருந்து விட்டு அரை மணி காத்திருக்க வேண்டும், அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். அரைநாள் கூலியை விட்டு வர வேண்டியவருக்கும், வீட்டில் கூட்டிப்போக ஆளில்லாத மூதாட்டிக்கும் இது சின்ன விஷயம் அல்ல. பாப்பாவை விரிக்காமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் இந்தத் தடையைப் பாதியாவது நீக்கும். அப்படங்களைக் கணினியே தரம் பிரிக்கும் முறையை உருவாக்கி கூகுள் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வுக்கு அரவிந்த், சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் பயன்பட்டன. அந்தக் கருவியின் முதற்பயன் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே கிடைக்க வேண்டும் என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

7. எல்லோரையும் பரிசோதிக்க வேண்டுமா?

இந்த வாதத்துக்கு எதிரான சான்றுகளையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல், அறிகுறி இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் கண் அழுத்த நோய்க்காகப் பரிசோதிக்கப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றது. முதியோருக்கு ஊர்தோறும் பார்வை அட்டை வாசிக்கவைத்துச் செய்த பரிசோதனைகளால் அவர்களின் பார்வை மேம்படவில்லை என்று காக்ரேன் மதிப்பாய்வும் கண்டது. இரண்டாவதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அட்டை குறையைச் சொல்லும், நோயைச் சொல்லாது. குறை சொல்லப்பட்டவரும் அடுத்த படிக்குக் கொண்டுசெல்லப்படாவிட்டால் பலன் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. அரவிந்த் மருத்துவமனையும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண் பிரச்சினை இருந்தவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தம் ஊருக்கு வந்த முகாமுக்குப் போயிருந்தார்கள். முகாம் வாசலுக்கு வந்தும் போகவில்லை. அரவிந்த் அதை மறைக்கவில்லை. பின்னாளில் நிரந்தரக் கண் நல மையங்களை ஊர்களில் அமைத்து, தொலைவிலிருந்தே மருத்துவர் பார்க்கும் வசதியைச் செய்தது. ஓரிரு நாள் முகாமைவிட ஆண்டு முழுதும் திறந்திருக்கும் சிறு மையம் மேல் என்பது அந்த அனுபவம் தந்த தீர்ப்பு.

ஆகவே எல்லோரையும் ஒரே தரமாகத் தேடுவதைவிட, யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களை முதலில் தேடுவதே சரி. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், கண் அழுத்த நோயாளியின் உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு 80 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம், நோய் இல்லாத குடும்பத்தாருக்கு 2.3 சதவீதம். பத்து மடங்குக்கு நெருக்கம். ஒரு நோயாளி கண்டுபிடிக்கப்பட்டால் அவருடைய அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் வரச் சொல்வதுதான் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் தேடல். சர்க்கரை நோயாளிகள், அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள், ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். இவற்றுள் எதுவும் இல்லாதவர் 40 வயதில் ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிட்டு, 55 வரை இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறையும், 65க்குப் பின் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல்.

8. திருவான்மியூருக்கான பரிந்துரைகள்

திருவான்மியூரை ஒட்டிய தரமணியில் இயங்கும் வி.ஹெச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) அமைப்பை மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கினார். நோய் வரும்வரை காத்திராமல் குடும்பங்களை முறைப்படி பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் வாதம். சங்கர நேத்ராலயாவைப் பின்னாளில் நிறுவிய எஸ். எஸ். பத்ரிநாத் 1970இல் நாடு திரும்பி ஆலோசகராகப் பணியாற்றிய இடங்களில் அதுவும் ஒன்று. எனவே இங்கே கேட்பது இந்தப் பகுதிக்குப் புதிய கொள்கை அல்ல.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஒவ்வொரு தெருவிலும் சர்க்கரை நோயாளி யார் என்பது அத்திட்டத்தின் தன்னார்வலர் பெண்களுக்குத் தெரியும். மாத்திரை அட்டையிலேயே ‘விழித்திரை கடைசியாகப் பார்த்த தேதி’ என்று ஒரு கட்டம் சேர்த்து, ஓராண்டு தாண்டியவரைக் கேமரா உள்ள நிலையத்துக்கு அனுப்புவது பெரிய செலவு அல்ல. கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைப்பவர்கள். கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது என்று காட்ட வரும் அவர்களை, அந்த ஒரு வருகையிலேயே பாப்பா விரித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அடுத்த வருகை எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் உரிமப் படிவத்தில் 40 கடந்தவர்களுக்கு நரம்புப் பரிசோதனையையும் சேர்க்கலாம். அது வரும்வரை கையெழுத்திடும் மருத்துவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னாலே பலர் போவார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஊழியர் உடல் பரிசோதனையில் ரத்தத்துக்கும் இதயத்துக்கும் சோதனை இருக்கிறது, கண்ணுக்குப் பெரும்பாலும் எழுத்து அட்டைதான். நாள் முழுதும் திரையைப் பார்ப்பவர்களில் பலருக்கு மைனஸ் பவர் அதிகம், அதனாலேயே விழித்திரை கிழியும் வாய்ப்பும் கண் அழுத்த நோய் வாய்ப்பும் கூடுதல். அந்த நிறுவனங்கள் இதைச் சேர்க்க வேண்டும்.

இதைப் படிப்பவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தால், அல்லது சர்க்கரை நோய் இருந்தால், அல்லது பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ கண் பிரஷர் இருந்தால், அடுத்த முறை கண்ணாடி மாற்றப் போகும்போது மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: ‘பாப்பாவை விரித்து நரம்பைப் பார்த்தீர்களா?’ பார்க்கவில்லை என்றால், பார்க்கச் சொல்லுங்கள். எழும்பூரில் அதற்குக் கட்டணம் கிடையாது.